நாரைக்குறிச்சியில் குழந்தைகளை நட்ட கதை

நாரைக்குறிச்சி கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில் வருஷாவருஷம் நாரையும் கூழைக்கடாவும் வந்து கூடு கட்டும். அதனால் அந்தக் கண்மாய் பறவைகள் சரணாலயம் ஆனது. அங்கே ரேஞ்சராக வந்த செண்பகவல்லிக்கு ஒரு ஆசை. கோடை விடுமுறையில் டவுன் பிள்ளைகள் வீட்டுக்குள்ளே செல்போனைத் தேய்த்துக்கொண்டு கிடக்கின்றனவே, ஒரு வேன் நிறைய அவர்களைக் காலையில் கூட்டிவந்து, மரம், பறவை, பூச்சி எல்லாம் காட்டி மத்தியானம் திருப்பி அனுப்பினால் என்ன? நல்ல ஆசைதான். அதில் ஒரு பிசகும் இல்லை. பிசகு உதவிக்கு ஆள் எடுத்ததில் வந்தது.

உதவியாளர் வேலைக்கு வந்தவர்கள் நாலே பேர். மூத்தவர் கோட்டைச்சாமி. எதைச் சொன்னாலும் மீசையைத் தடவி, வானத்தைப் பார்த்து, யோசித்துவிட்டுத்தான் தப்பாகப் புரிந்துகொள்வார். அவர் தங்கச்சி உலகம்மாள் யோசிக்காமலே தப்பாகப் புரிந்துகொள்வாள். அடுத்தவன் அருளப்பன், இரக்க சுபாவம். கடைசி ஆள் பூலித்துரை. அவனுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும், ஆனால் வரவேண்டிய இடத்தில் மட்டும் வராது.

"உங்களுக்கெல்லாம் பறவைகளத் தெரியுமா?" என்று செண்பகவல்லி கேட்டார்.

கோட்டைச்சாமி வானத்தைப் பார்த்தார். "எங்களுக்கு அதுகளத் தெரியும்மா. அதுகளுக்கு எங்களத் தெரியுமாங்கிறத நீங்கதான் விசாரிச்சுக்கிடணும்."

வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு அந்த அம்மாள் நாலு பேரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். பாவம், அவர் வெளியூர்.

முதல் நாள், பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு பறவையின் பெயரை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டார் செண்பகவல்லி. "இன்னிக்கு இவங்க எல்லாரும் பறவைங்க. அந்தந்தப் பறவைக்கு ஏத்த மாதிரி பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போனார்.

மத்தியானம் வந்து பார்த்தால், மீன்கொத்தி என்று அட்டை மாட்டியவனுக்கு உலகம்மாள் வறுத்த மீன் போட்டிருந்தாள். அவன் சந்தோஷமாக இருந்தான். நத்தைகுத்தி நாரைக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் உயிரோடு நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பையன் அதில் ஒன்றுக்குப் பெயர் வைத்து, தன் வாட்டர் பாட்டில் மேல் ஏற்றிவிட்டிருந்தான். தூக்கணாங்குருவியான பெண்ணிடம், "முதல்ல வீட்டக் கட்டு, அப்புறம் சாப்பிடலாம்" என்று ஒரு கட்டு வைக்கோலைக் கொடுத்திருந்தார் கோட்டைச்சாமி. அவள் பாதிச் சுவர் எழுப்பியிருந்தாள். ஆந்தை அட்டை மாட்டிய இன்பா மட்டும் ஒரு மரத்தடியில் போர்வைக்குள் கிடந்தாள். பக்கத்தில் அருளப்பன் விசிறிக்கொண்டிருந்தான்.

"இவளுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்று பதறினார் செண்பகவல்லி.

"பகல்ல முழிக்கப்பிடாதும்மா" என்றான் அருளப்பன். "பாவம், ரெண்டு தரம் கண்ணத் திறந்துட்டா. நான்தான் சாயங்காலம் ஆகலன்னு சொல்லித் தூங்க வச்சேன்."

போர்வைக்குள்ளிருந்து இன்பா சொன்னாள்: "மேடம், நாளைக்கும் நான் ஆந்தைதான்."

பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னார்கள். மறுநாள் வேனில் இடம் பத்தவில்லை. இப்படியே முகாம் கெட்டும் கெடாமலும் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாவட்ட அதிகாரி நீலமேகம் நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது.

அன்று காலை செண்பகவல்லி நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார். முகம் வாடியிருந்தது. "ஐயாவுக்கு இந்த முகாமே புடிக்கல. பிள்ளைங்க வந்தா பறவைங்க கலைஞ்சிடும்னு சொல்றார். இன்னிக்கு வந்து பாத்துட்டு, சரியில்லன்னா நிறுத்திடுவார். பிள்ளைங்க எவ்வளவு ஆசையா வருதுன்னு உங்களுக்கே தெரியும். ஐயாவுக்கு வழி தெரியாதாம், நான் விலக்கு ரோட்டுல நின்னு கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் நான் சொல்றத மட்டும் செய்ங்க. சொல்லாததச் செய்யாதீங்க."

"சொல்லாதது எதெல்லாம்னு சொல்லிட்டீகன்னா தோதா இருக்கும்" என்றான் பூலித்துரை.

செண்பகவல்லி அதைக் காதில் வாங்கவில்லை. "முதல் விஷயம், சத்தமே இருக்கக் கூடாது. ரெண்டாவது, இன்னிக்குப் பாடம் மரம். ஒரு மரக்கன்னு எப்படி வளருது, வெயில்ல எப்படி நிக்குதுன்னு பிள்ளைங்க அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கணும். மூணாவது, வாசல் போர்டுல இருக்கிற விதிய எல்லாரும் கடைப்பிடிக்கணும். அவ்வளவுதான். இத மட்டும் செஞ்சிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சத்தத்தில் ஆரம்பித்தார்கள். நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார்கள். பிள்ளைகள் கூட வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தன. கண்மாய் முழுக்கக் கூழைக்கடாக் குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருந்தன.

"அண்ணே, சத்தம் போடுறது பிள்ளைக இல்ல. பறவைகதான்" என்றாள் உலகம்மாள்.

"நானும் அதத்தான் பாக்கேன்" என்றார் கோட்டைச்சாமி. "டவுன் பிள்ளைக அடக்கமா இருக்கு. இங்கயே பொறந்ததுகளுக்குச் சட்டம் தெரியல."

அருளப்பன் கரையோரம் போய், ஒவ்வொரு மரமாக அண்ணாந்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். ஒரு குஞ்சு அவன் விரலையே இரை என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தியது. பிறகு ஒரு அட்டையில் 'அமைதி காக்கவும்' என்று பெரிதாக எழுதி, மரங்களைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்கள்.

"படிக்கத் தெரியாத பறவை என்ன செய்யும்?" என்றான் பூலித்துரை.

"பக்கத்துல படிக்கத் தெரிஞ்ச பறவை வாசிச்சுச் சொல்லும்."

"வாசிச்சா சத்தம் வருமே அண்ணாச்சி."

கோட்டைச்சாமி மீசையைத் தடவினார். அது சிக்கலான கேள்விதான். மனசுக்குள்ளே வாசிக்கவும் என்று அட்டையில் கீழே சேர்த்து எழுதினார்கள். தற்செயலாக அந்த நேரம் பெரிய கூழைக்கடாக்கள் இரையோடு வந்து இறங்க, குஞ்சுகள் வாய் நிறைந்து அடங்கின. "அறிவுள்ள ஜீவன்" என்று அருளப்பன் கண்கலங்கினான்.

அடுத்தது மரக்கன்று.

"மரக்கன்னு எப்படி வளருதுன்னு பிள்ளைக அனுபவிக்கணும்னாக அம்மா" என்றார் கோட்டைச்சாமி. "மரக்கன்னு வளர்றதுக்கு முதல்ல என்ன செய்வோம்?"

"குழி தோண்டுவோம்" என்றார்கள் மூன்று பேரும்.

கண்மாய் ஓரத்து ஈரமண்ணில் வரிசையாகக் குழி தோண்டினார்கள். பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஆளுக்கொரு குழியில் இறக்கி, முழங்கால் வரை மண் தள்ளி மிதித்துவிட்டார்கள். டவுன் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? "எனக்கு இன்னும் ஆழமா! எனக்கு இன்னும் ஆழமா!" என்று ஒரே அடிதடி. சத்தம் கூடாது என்பதால் அடிதடியைக் கிசுகிசுப்பாகவே போட்டார்கள்.

உலகம்மாள் பூவாளியை எடுத்துத் தலைவழியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். மே மாசத்து வெயில். தண்ணீர் விழுந்த பிள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு கண்ணைச் சொருகியது. வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்புவதற்குள் முதல் பிள்ளை, "நான் வாடிட்டேன், நான் வாடிட்டேன்" என்று கையைத் தொங்கப் போட்டது.

"ஆடு கடிச்சிரும்" என்று அருளப்பன் ஒவ்வொரு பிள்ளையையும் சுற்றிப் பனை ஓலையால் ஒரு கூண்டு கட்டினான். இன்பா வழக்கம்போல ஆந்தை அட்டையோடு வந்திருந்ததால் அவளைத் தூங்கத் தோதாகச் சாய்வாக நட்டு, முதுகுக்கு ஒரு கம்பு ஊன்றினான்.

"எரு போட வேண்டாமா?" என்று பூலித்துரை ஒரு கூடைச் சாணத்தோடு வந்தான். கன்றுகள் எல்லாம் ஒரே குரலில் கிசுகிசுப்பாக அலறின. அதன் பேரில் ஒரு ஆலோசனை நடந்தது. மரத்துக்கு எது சத்தோ அது எரு, பிள்ளைகளுக்கு எது சத்தோ அதுதான் பிள்ளைகளுக்கு எரு என்று கோட்டைச்சாமி தீர்ப்புச் சொன்னார். ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் போட்டார்கள். எரு போட்ட உடனே கன்றுகளின் முகத்தில் தெளிவு வந்ததை நாலு பேரும் கவனித்து மகிழ்ந்தார்கள்.

மிச்சமிருந்தது போர்டு. வாசலுக்குப் போய்ப் பூலித்துரை எழுத்துக்கூட்டி வாசித்தான்: "காலடித் தடத்தைத் தவிர வேறு எதையும் விட்டுச் செல்லாதீர். புகைப்படத்தைத் தவிர வேறு எதையும் எடுத்துச் செல்லாதீர்."

நாலு பேரும் கீழே பார்த்தார்கள். மழை கண்டு மாசக்கணக்கான செம்மண் பாதை. கோட்டைச்சாமி ஓங்கி மிதித்துப் பார்த்தார். பாதம் வலித்ததே தவிர தடம் விழவில்லை.

"தடம் விடணும்னு போட்டிருக்கு. ஐயா வந்து நடந்து, தடம் விழலன்னா? அவரையே சட்டம் மீற வச்ச பாவம் நமக்கு வந்துரும்" என்றான் அருளப்பன்.

"அம்மா முகத்த நெனச்சுப் பாருங்க" என்றாள் உலகம்மாள்.

மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பை இழுத்து, வாசலிலிருந்து கண்மாய் வரைக்கும் பாதையை ஊற வைத்தார்கள். கோட்டைச்சாமி இறங்கிப் பார்த்தார். தடம் முழங்கால் வரைக்கும் விழுந்தது. பிரமாதமாக இருந்தது.

செண்பகவல்லியின் ஸ்கூட்டர் முன்னால் வந்தது. வாசலில் நின்றதால் அது தப்பித்தது. பின்னால் வந்த ஜீப்புக்கு அந்த யோகம் இல்லை. உள்ளே நுழைந்து, ஒரு பெருமூச்சு விட்டு, நாலு சக்கரமும் மறைய உட்கார்ந்துவிட்டது. நீலமேகம் ஐயா கதவைத் திறந்து காலை வைத்தார். கால் போய்க்கொண்டே இருந்தது. இழுத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை.

"ஐயா, ஷூவ விடக்கூடாது" என்றான் அருளப்பன் பணிவாக. "தடம் மட்டும்தான் விடலாம்."

ஐயா அவனைப் பார்த்தார். அப்புறம் பார்வையை நிமிர்த்தியபோதுதான் கரையோரம் வரிசையாக ஓலைக்கூண்டுகளும், ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் சொட்டச் சொட்ட ஒரு தலையும் இருப்பது தெரிந்தது.

"அது... என்னது?"

"மரக்கன்னு ஐயா" என்றார் கோட்டைச்சாமி. "காலையில நட்டது. எல்லாம் புடிச்சுக்கிடுச்சு. ஒண்ணுகூட சாகல."

செண்பகவல்லி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது, முகாம் போனது, வேலையும் போகும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஐயா அடுத்த ஷூவையும் சேற்றுக்கே விட்டுவிட்டு வெறுங்காலோடு சளக்குப் புளக்கென்று நடந்து முதல் கூண்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எனக்கு வெயில் வேணும்" என்றது கன்று.

"உனக்கு... எதாவது தெரிஞ்சுதாம்மா?"

"மரம் ரொம்பப் பாவம் சார். எறும்பு கடிச்சா நகர முடியாது. எவ்வளவு தாகமா இருந்தாலும் யாராவது வந்து ஊத்தணும். எங்க வீட்டு வாசல்ல ஒரு வேப்பங்கன்னு இருக்கு. நான் அதுக்கு ஒரு நாள்கூட ஊத்தினதில்ல."

ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். பக்கத்துக் கூண்டில் நின்ற பையன் தலையில் ஒரு உண்ணிக்கொக்கு வந்து உட்கார்ந்திருந்தது. பையன் மூச்சே விடவில்லை. வரிசை முழுக்க ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கொக்கு ஒரு காலைத் தூக்கி, கழுத்தைச் சுருக்கி, ஐயாவை ஏற இறங்கப் பார்த்தது. பிள்ளைகள் வந்தால் பறவை கலையும் என்று சொன்னவர் அவர். ஒரு கை தூரத்தில் இப்படி ஒரு கொக்கு தன்னை நிதானமாகப் பார்த்து அவர் கண்டதே இல்லை.

அவர் அசையாமல் நின்றதைப் பார்த்த உலகம்மாள், இதுவும் நட்டதுதான் என்று நினைத்து, பூவாளியை அவர் தலையில் கவிழ்த்தாள்.

செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டார். ஐயா தண்ணீர் வழிய வழிய நின்றார். உதடு துடித்தது. பிறகு, சத்தம் கூடாது என்று யாரும் சொல்லாமலே, தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தார். கடைசியில் கையை நீட்டி, "இன்னொரு வாளி" என்றார்.

மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த வேனில் அன்று பெற்றோரும் வந்தார்கள். வாசலில் கோட்டைச்சாமி கையை விரித்து மறித்தார்.

"பிள்ளைகள எடுத்துட்டுப் போக முடியாது. போர்டப் பாருங்க, போட்டோ மட்டும்தான்."

பூலித்துரை ஒவ்வொரு தாயாரிடமும் செல்போனில் அவரவர் பிள்ளையின் படத்தைக் காட்டினான். "நம்பர் சொல்லுங்க, அனுப்பி வைக்கேன். படத்தக் கொண்டு போயி வீட்டுல வச்சுக்கிடுங்க. பிள்ளை இங்கயே இருக்கட்டும்."

"சாப்பாடெல்லாம் நீங்களே போட்டிருவீங்களா?" என்று ஒரு தகப்பனார் ஆர்வமாகக் கேட்டார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

"அப்ப பிள்ளைகள இங்கயே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?" என்று கத்தினார் இன்னொரு தாயார்.

கோட்டைச்சாமி திடுக்கிட்டார். போர்டைத் திரும்ப வாசித்தார்கள். விட்டுச் செல்லவும் கூடாதுதான். எடுத்துச் செல்லக் கூடாது, விட்டுச் செல்லவும் கூடாது. நாலு பேருக்கும் வியர்த்துவிட்டது. "அப்ப பிள்ளைகள என்னதான் செய்ய?" என்று அருளப்பன் அழ ஆரம்பித்தான்.

கம்போடு சாய்ந்து கிடந்த இன்பா ஒரு கண்ணைத் திறந்தாள். "மாமா, நாங்களே நடந்து போயிடறோம். அப்ப எங்கள யாரும் எடுத்துட்டும் போகல, விட்டுட்டும் போகல. எங்க தடம் மட்டும் இருக்கும்."

நாலு பேரும் அவளைக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கன்றாகப் பிடுங்கப்பட்டு, சேற்றில் தடம் பதித்து, குதித்துக்கொண்டு வெளியே போனது.

நீலமேகம் ஐயா வேனில் பிள்ளைகளோடு கிளம்பும்போது, செண்பகவல்லியின் கையைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "நான் நெனச்சது தப்பும்மா. அடுத்த வருஷமும் முகாம் நடக்கணும். எல்லாம் இதே மாதிரி இருக்கணும். எதையும் மாத்திடாதீங்க." செண்பகவல்லி சிரித்தார், அழுதார், மறுநாளே லீவு போட்டு ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

ஜீப்பை இழுக்க டிராக்டர் வந்தபோது, நாலு பேரும் அதன் முன்னால் படுத்துக்கொண்டார்கள். எல்லாம் இதே மாதிரி இருக்கணும் என்பது ஐயாவின் உத்தரவு. சேறு காயாமல் இருக்கத் தினமும் உலகம்மாள் தண்ணீர் விட்டாள். இரண்டு ஷூவும் புதைந்த இடத்திலேயே இருந்தன. ஒன்றுதான் குறை. ஐயா சொன்ன அந்த மாதிரியில் ஐயாவும் இருந்தார், இப்போது இல்லை. அதனால் வைக்கோலைத் திணித்து ஒரு ஆள் செய்து, பானையில் கண் வரைந்து தலையாக வைத்து, ஜீப்புக்குள் கிடந்த ஐயாவின் தொப்பியையே போட்டு, முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். காலையும் மாலையும் சலாம் வைத்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, ஜீப் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க, ஐயாவே வேட்டி சட்டையில் பஸ் ஏறி வந்தார். கோட்டைச்சாமி வாசலில் நிறுத்தினார்.

"உள்ள விட முடியாதுய்யா. அதிகாரி ஐயா உள்ள இருக்காக."

"எந்த அதிகாரி?"

"நீலமேகம் ஐயா."

"யோவ், நான்தான்யா நீலமேகம்!"

நாலு பேரும் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். "சாயல் இருக்கு" என்று ஒப்புக்கொண்டான் அருளப்பன். பூலித்துரைக்குச் சந்தேகம் வந்தது. "ஆனா இவரு கோவப்படுதாரு. நம்ம ஐயா ஒரு சொல் கடிஞ்சு பேசினதில்லையே."

கோட்டைச்சாமி உள்ளே போய், ஜீப் பக்கத்தில் குனிந்து விவரம் சொல்லி, வெகுநேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஐயா பதிலே சொல்லல. யோசனையில இருக்காக. இன்னொரு நாள் வாங்க."

நீலமேகம் எட்டிப் பார்த்தார். ஜீப்புக்குள் தொப்பியோடு அந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தோரணை, அவரையும் ஒரு நிமிஷம் தயங்க வைத்தது.

"சரி. நான் வந்துட்டுப் போனேன்னு ஐயாகிட்ட சொல்லிருங்க" என்றார்.

"பேரு என்னன்னு சொல்ல?"

"நீலமேகம்."

"அது ஐயா பேரு. கேட்டா குழம்பிருவாக" என்றார் கோட்டைச்சாமி கனிவாக. "வேற ஏதாவது பேரு சொல்லுங்க."

நீலமேகம் கொஞ்சம் யோசித்தார்.

"பொன்னுரங்கம்" என்று சொல்லிவிட்டு, ஜீப்பைப் பார்த்து ஒரு சலாம் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்தார்.